ஒத்தக் கை பேக்ஹேண்ட்: தோள் உயரப் பந்துல யார் பெஸ்ட்?

டென்னிஸ் பேசினாலே உங்ககிட்ட இருந்து வர்ற கேள்வி ஒண்ணுதான்: ஒத்தக் கை பேக்ஹேண்ட்ல யார் பெஸ்ட், ஃபெடரரா வாவ்ரிங்காவா? இன்னிக்கு அதைப் பேசிடுவோம்.

முதல்ல நிலவரம். 2024 பிப்ரவரியில சிட்சிபாஸ் 11-வது இடத்துக்கு இறங்கினப்போ, ஏடிபி டாப் 10-ல ஒத்தக் கை பேக்ஹேண்ட் ஆடுறவங்க ஒருத்தர்கூட இல்லை. 1973-ல ரேங்கிங் ஆரம்பிச்சதுல இருந்து அதுதான் முதல் தடவை. அப்புறம் டிமித்ரோவ், முசெட்டின்னு சிலர் உள்ளே வந்தாங்க. ஆனா இந்த ஷாட்டை வெச்சு ஆண்கள் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் ஜெயிச்சவங்கள்ல கடைசி ஆள் 2020 யு.எஸ். ஓபன்ல டொமினிக் தீம்.

இவ்வளவு அழகான ஷாட் ஏன் அருகிப் போகுது? பிரச்சினை தோள் உயரத்துல இருக்கு. ரெண்டு கையால அடிக்கிறவங்க, பந்து கொஞ்சம் லேட்டா வந்தாலும், உயரமா எகிறினாலும், இன்னொரு கையால தள்ளிச் சமாளிச்சிடலாம். ஒத்தக் கையில அந்தச் சலுகை கிடையாது. பந்தை உடம்புக்கு நல்லா முன்னாடியே சந்திக்கணும். இடுப்பு உயரத்துல வந்தா சொர்க்கம். தோளுக்கு மேல போச்சுன்னா பலமே இருக்காது. அதனால யார் பெஸ்ட்னு கேட்டா, ஸ்விங்கோட அழகை நான் கணக்குல எடுக்க மாட்டேன். அந்த உயரமான பந்தை என்ன பண்றாங்கன்னுதான் பார்ப்பேன்.

ஃபெடரர் பல வருஷம் இதுல மாட்டிக்கிட்டு இருந்தார். நடால் இடது கைக்காரர். அவரோட டாப்ஸ்பின் ஃபோர்ஹேண்ட் நேரா ஃபெடரரோட பேக்ஹேண்ட் பக்கம் போய் எகிறும். பிரெஞ்சு ஓபன் ஃபைனல்ல மட்டும் நாலு தடவை நடால்கிட்ட தோத்தார். 2014-ல 90 சதுர அங்குல ராக்கெட்டை விட்டுட்டு 97-க்கு மாறினார். அதோட பலன் 2017 ஆஸ்திரேலியன் ஓபன் ஃபைனல்ல தெரிஞ்சது. பின்னாடி போகாம, பந்து எகிறுறதுக்கு முன்னாடியே உள்ளே வந்து தட்டையா அடிச்சார். அஞ்சாவது செட்ல 1-3 பின்தங்கியிருந்தவர், அடுத்த அஞ்சு கேமையும் வரிசையா ஜெயிச்சு முடிச்சார். அப்போ அவருக்கு வயசு 35.

வாவ்ரிங்கா நேர் எதிர். பின்னாடி நின்னு, பந்து கீழே இறங்கி வர்ற வரைக்கும் காத்திருந்து, தோள் பலத்தை மொத்தமா இறக்குவார். 2015 பிரெஞ்சு ஓபன் ஃபைனல்ல ஜோகோவிச்சை நாலு செட்ல வீழ்த்தினார். மேட்ச் பாயிண்ட்டே நேர்க்கோட்டுல ஒரு பேக்ஹேண்ட் வின்னர்! காஸ்கேவும் பின்னாடி நின்னு ஆடினவர்தான். அவர் ராக்கெட்டை மேலே தூக்கி ஒரு பெரிய வளையம் போட்டு அடிப்பார். அதுக்கு நேரம் வேணும். நேரம் கிடைச்சா அற்புதம். கிடைக்காட்டி திணறல்.

ஆனா பேசும்போது எல்லாரும் மறந்துடுற ஒரு பேர் ஜஸ்டின் எனான். உயரம் சுமார் அஞ்சரை அடி. தோள் உயரப் பந்து அவங்களுக்கு இன்னும் சீக்கிரமே வந்துடும். அப்படியும் ஏழு கிராண்ட்ஸ்லாம். அதுல நாலு, பந்து நல்லா எகிறுற பிரெஞ்சு ஓபன் களிமண்ல. என்னைக் கேட்டா, பலமான அடிக்கு வாவ்ரிங்கா, ஸ்லைஸையும் சேர்த்துப் பார்த்தா ஃபெடரர். ஆனா உடம்பு கொடுத்த எல்லையைத் தாண்டினதுல எனான்தான் முதல் இடம்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. பாலியெஸ்டர் நரம்பு வந்ததுக்கு அப்புறம்தான் டாப்ஸ்பின் எக்கச்சக்கமா ஏறி, பந்து இப்படி எகிற ஆரம்பிச்சது. அந்த நரம்பைப் பிரபலமாக்கினவர் 1997-ல பிரெஞ்சு ஓபன் ஜெயிச்ச குயெர்டன். அவரும் ஒத்தக் கைக்காரர்! தன் இனத்துக்குத் தானே குழி வெட்டின மாதிரி ஆயிடுச்சு.

சரி, இது அழிஞ்சா என்ன? பீட் சாம்ப்ராஸ் சின்ன வயசுல ரெண்டு கையாலதான் அடிச்சிட்டு இருந்தார். 14 வயசு வாக்குல கோச் அவரை ஒத்தக் கைக்கு மாத்தினார். மாறின புதுசுல, முன்னாடி ஜெயிச்ச பசங்ககிட்டயே தோத்தார். பின்னாடி 14 கிராண்ட்ஸ்லாம், அதுல ஏழு விம்பிள்டன். இந்த ஷாட் பழுக்க வருஷங்கள் ஆகும். அதுவரைக்கும் அந்தப் பையனோ பொண்ணோ தோத்துட்டு இருக்கும்போது, ஒரு கோச்சும் பெற்றோரும் பொறுமையா பக்கத்துல நிக்கணும். பத்து வயசுலயே கப் ஜெயிக்கணும்னு துரத்துற சூழல்ல அந்தப் பொறுமை யாருக்கு இருக்கு? ரேங்கிங் லிஸ்ட்ல காணாமப் போனது ஷாட்தான். அதுக்கு முன்னாடியே காணாமப் போனது அந்தக் காத்திருப்புன்னு எனக்குத் தோணுது.

அடுத்த தடவை முசெட்டி மேட்ச் பார்த்தீங்கன்னா, அடிச்சு முடிச்சப்புறம் கை விரியுற அழகை மட்டும் பார்க்காதீங்க. பந்து தோளுக்கு வரும்போது கால் முன்னாடி போகுதா, பின்னாடி போகுதான்னு பாருங்க. உங்க லிஸ்ட்ல யார் முதல் இடம்னு எனக்குச் சொல்லுங்க.