சோகப் பாட்டே சுமைதாங்கி!



துயரத்தில் துணை நிற்பது துள்ளல் இசையா, சோக இசையா? சோக இசையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தங்கச்சி கேட்டாங்க: "சாவு வீட்டுலயே டப்பாங்குத்துதானே ஆடுறோம்?" அம்மா, ஆட்டம் தெருவுல; ஒப்பாரி வீட்டுக்குள்ள. தெருவுல ஆடினவன் சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவான். உள்ள உட்கார்ந்திருக்கறவ எங்கே போவா? (கைதட்டல்)

பழவேற்காட்டுக்குப் போய்ப் பாருங்க. 1613இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள், கல்லறைத் தோட்ட வாசலில் எலும்புக்கூட்டையே சிலையாக வைத்திருக்கிறார்கள். செத்தவன் பேரும் ஆண்டும் கல்லுல இருக்கு. முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போய், உடலும் கரை சேராத மீனவனுக்குக் கல் ஏது? அவன் பெண்டாட்டி பாடுற ஒப்பாரிதான் அவனுக்குக் கல்வெட்டு!

அது நெய்தல் நிலம். அதன் உரிப்பொருள் இரங்கல். சங்கத் தமிழில் சாவுப் பறைக்கும் நெய்தல் என்றே பெயர். புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் அந்தப் பறையையும், இன்னொரு வீட்டில் மண முழவையும் கேட்கிறார். அந்த மண முழவு இந்த வீட்டுக் கண்ணீரைத் துடைத்ததா? இல்லையே!

இது நம்ம ஊர் வழக்கம் மட்டுமல்ல. பின்லாந்தில் 1990களின் தொடக்கத்தில் சில இளைஞர்கள் 'ஃபியூனரல் டூம் மெட்டல்' என்று ஒரு இசையை உருவாக்கினார்கள். சாவு ஊர்வலத்தின் நடைதான் அதன் தாளம். ஸ்கெப்டிசிசம் என்ற குழு 1995இல் வெளியிட்ட இசைத்தொகுப்பை என் மகன் போட்டுக் காட்டினான். ஒரு அடி விழுந்தது. அப்புறம் சத்தத்தையே காணோம். "கரண்ட் போச்சாப்பா?"ன்னேன். "இல்லப்பா, அடுத்த அடி இன்னும் வரல"ன்னான். (சிரிப்பு)

சிரிச்சிட்டோம். ஆனா ஏன் அவ்வளவு மெதுவா அடிக்கிறான்? துக்கத்துக்கு நடை மெதுவுங்க! துள்ளல் பாட்டு, 'எழுந்து வா'ன்னு கையைப் பிடிச்சு இழுக்கும். சோகப் பாட்டு, 'மெதுவா வா, நான் நிக்கிறேன்'னு காத்திருக்கும்.

நம்ம ஊர்ப் பாதையோரத்துல சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீங்க. வயிற்றுச் சுமையோடு இறந்துபோன கர்ப்பிணிப் பெண்ணின் நினைவாக நட்ட கல். அது யாருடைய மூட்டையையும் குறைப்பதில்லை. தலை உயரத்திலேயே இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, அடுத்தவர் உதவியில்லாமல் திரும்பத் தூக்கிக்கொள்ளலாம். அவ்வளவுதான். சோகப் பாட்டும் அதைத்தான் செய்கிறது.

சுமையை மறக்கச் சொல்வது துள்ளல் இசை. சுமக்கத் துணை நிற்பது சோக இசையே என்று நடுவர் தீர்ப்பு வழங்க வேண்டும் எனக் கேட்டு அமைகிறேன். (கைதட்டல்)