புதிதாகப் பெயர் பதிந்தவர்களுக்குச் சில வார்த்தைகள்
(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



செக்ரோலில் புதிதாகப் பெயர் பதிந்து, நமது சங்கத்திலும் அங்கத்தவராகியிருக்கும் உங்களை வரவேற்கிறோம். கொழுந்து எடுக்கவும் கவ்வாத்து வெட்டவும் சொல்லித்தர உங்கள் வீட்டிலேயே பெரியவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் சொல்ல வந்தது கணக்கைப் பற்றி.

முதலில் பெயர். வீட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர் என்று இருந்தால் இன்று ஒன்றும் தெரியாது. வயதான காலத்தில் ஊழியர் சேமலாப நிதியைக் கேட்டுப் போகும்போதுதான் சத்தியக்கடதாசிக்கு அலைய வேண்டி வரும். எழுத்துப் பிழை இருந்தால் இந்த வாரமே திருத்துங்கள்.

இரண்டாவது நிறுவை. ஒவ்வொரு முறையும் தராசு காட்டிய கிலோவையும், சாக்குக்கும் தண்ணீருக்கும் கழித்ததையும் உங்கள் கொப்பியில் எழுதுங்கள். அரைப்பேர் போட்டுவிட்டார்கள் என்று வாயால் சொன்னால் எடுபடாது; கொப்பி பேசும்.

மூன்றாவது சம்பளத் துண்டு. சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம் கழிப்பார்கள். நிர்வாகம் 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதம் முழுவதும் நிர்வாகத்தின் பொறுப்பு. அதை உங்கள் சம்பளத்தில் கழிக்க முடியாது. தீபாவளி முற்பணம், எங்கள் சந்தா உட்பட எல்லாக் கழிவையும் கூட்டிப் பாருங்கள். துண்டுகளை எறியாதீர்கள். கைக்காசு வேலை, தற்காலிக வேலை என்று சொன்னாலும் சேமலாப நிதிச் சட்டம் அவர்களுக்கும் உண்டு.

நான்காவது சேவைக்காலப் பணம். ஐந்து வருடம் பூர்த்தியானால், நீங்களாகவே விலகினாலும் அது உங்கள் உரிமை. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம். கலியாணம் முடித்து வேறு தோட்டம் போகும் தங்கைமார் இதை விட்டுவிட்டுப் போகக்கூடாது.

கணக்குப் பிழைத்தால் தனியாகப் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம். கொப்பியோடு தோட்டத் தலைவரிடம் வாருங்கள். சங்கம் எழுத்தில் கேட்கும். கேட்கும் உரிமை சும்மா கிடைத்ததல்ல. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்ட போராட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் உயிர் கொடுத்தார். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984இல்தான் வந்தது, அதுவும் போராடித்தான்.

இந்தச் சம்பளத்தில் முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். வாசிக்கத் தெரியாத அம்மாமார், அப்பாமாரின் துண்டையும் சேர்த்து வாசித்துச் சொல்லுங்கள்.