தோட்டத்துப் பள்ளிக்கூடமும் டவுன் கல்லூரியும்
(தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



காலையில் பிரட்டுக்குப் போய், மலையில் கொழுந்தெடுத்து, நிறுவைக்கு நின்று, களைப்போடு வந்திருக்கிறீங்க. அதனால் நீட்டிப் பேச மாட்டேன். நம்ம பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எப்படி வந்தது, பிள்ளை இனி எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும், இந்த இரண்டையும் மட்டும் சொல்கிறேன்.

1907ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. தோட்டத்தில் 6 முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் படிப்புச் சொல்லிக்கொடுக்கத் துரைமார் வசதி செய்யவேண்டும் என்றது அந்தச் சட்டம். பத்து வயதோடு படிப்பு சரி. அதற்குப் பிறகு மலைதான். பல தோட்டங்களில் ஒரே அறை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்பும் அதற்குள்ளேதான்.

1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா அவர்கள் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். நாட்டுப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் வரை கதவு திறந்தது. ஆனால் தோட்டப் பள்ளிகள் நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதல்தான் பள்ளிகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. கணக்குப் பாருங்க, 30 வருஷத்துக்கு மேல் பிந்திவிட்டோம். பின்பு சுவீடன் நாட்டு உதவியோடு கட்டடங்கள் எழும்பின. ஜேர்மன் உதவியோடு கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. நம்ம லயத்துப் பிள்ளைகள் பலர் அங்கே படித்து ஆசிரியரானார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அரசாங்கப் பாடசாலை எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நான்கு வகை இருக்கிறது. வகை 3 என்றால் ஆரம்ப வகுப்புகளோடு, அல்லது 8ஆம் வகுப்போடு முடியும். வகை 2 என்றால் 11ஆம் வகுப்பு வரை. 1சி பாடசாலையில் உயர்தரம் உண்டு, ஆனால் கலையும் வர்த்தகமும்தான். விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்தில் படிக்க 1ஏபி பாடசாலைக்குத்தான் போகவேண்டும். அது பெரும்பாலும் டவுனில், அல்லது டவுனை ஒட்டி இருக்கும்.

இதில்தான் நம்ம பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். சாதாரண தரத்தில் நல்லாப் பாஸ் பண்ணியும், பக்கத்தில் உயர்தர வகுப்பு இல்லாததால் வீட்டில் நின்றுவிடுகிறார்கள். பையன் கொழும்புக் கடைக்குப் போகிறான். பொம்பளப் பிள்ளை வீட்டு வேலைக்குப் போகிறாள். பிள்ளைக்கு மூளை இல்லை என்று அர்த்தமில்லை. முன்கூட்டியே யாரும் வழி விசாரிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகையால் பெற்றோரே, பரீட்சை முடிவு வரும்வரை காத்திருக்காதீங்க. பிள்ளை 9ஆம் வகுப்பில் இருக்கும்போதே அதிபரைப் போய்ப் பாருங்க. "எங்க பாடசாலை எந்த வகை? உயர்தரத்துக்கு எங்கே அனுப்பலாம்? அங்கே தமிழில் விஞ்ஞானம் படிப்பிக்க ஆசிரியர் இருக்கிறாரா?" என்று கேளுங்க. இது பிச்சை கேட்பது இல்லை, பெற்றோரின் உரிமை. பஸ்ஸுக்கு மாணவர் சீசன் டிக்கட் எடுக்கலாம். பஸ் போகாத தோட்டமென்றால் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒரு வாகனம் பேசலாம்.

இன்னொன்று. 2016 முதல் 16 வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது கட்டாயம். அன்று பத்து வயதோடு சரி என்றது சட்டம். இன்று பதினாறு என்கிறது. அதற்கு மேலே உள்ள இரண்டு வருஷந்தான் உயர்தரம். அந்த இரண்டு வருஷத்துக்குச் சட்டம் காவலில்லை, நாம்தான் காவல்.