சூரியன் இருக்கும்போதே
(நூற்றாண்டு விழாவில் ஆற்றப்பட்ட உரை)



வாட்டில் நோயாளியின் காய்ச்சலை ஒருதடவை அளந்ததோடு நாம் விட்டுவிடுவதில்லை. நேரத்துக்கு நேரம் அட்டவணையில் குறிக்கிறோம். காலையில் இருந்த நிலை இரவில் இருப்பதில்லை. நமது நாட்டு மின்சாரமும் அப்படித்தான்.

நண்பகலில் வீட்டுக் கூரைகளிலுள்ள சூரியப்படல்கள் பெருமளவு மின்சாரம் தருகின்றன. மழைக்காலத்தில் மலைநாட்டு நீர்த்தேக்கங்களும், காற்று வீசும் மாதங்களில் மன்னாரின் 103.5 மெகாவோட் காற்றாலையும் கைகொடுக்கின்றன. ஆனால், மின்தேவை உச்சமடைவது மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. அப்போது சூரியன் இல்லை; நுரைச்சோலையின் நிலக்கரியோடு எண்ணெயும் எரிகிறது.

2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறினால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. தேவை குறைந்த, வெயில் நிறைந்த வேளை அது. அதே ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பிற்பகல் 3 மணிவரை கூரைச் சூரியப்படல்களை நிறுத்திவைக்கும்படி மின்சாரசபை கேட்டுக்கொண்டது. பகலில் இலவசமாகக் கிடைக்கும் வெயிலை வேண்டாமென்கிறோம். இரவில் பணம் கொடுத்து இறக்கிய எரிபொருளை எரிக்கிறோம்.

மின்பட்டியலில் இருப்பது எத்தனை அலகு என்பது மட்டுமே. எந்த நேரத்து அலகு, எதிலிருந்து பிறந்தது என்பதை அது சொல்வதில்லை. நேரத்துக்கேற்ற கட்டண முறையிலும் நீண்டகாலமாக நள்ளிரவே மலிவான நேரம். மலிவான நேரமும் சுத்தமான நேரமும் ஒன்றல்ல. ஆகவே, நாமே கவனித்துப் பார்க்கவேண்டும்.

நமது பாடசாலையிலேயே தொடங்கலாம். எந்த மூலத்திலிருந்து எவ்வளவு மின்சாரம் உற்பத்தியானது என்ற நாளாந்த விபரம் வெளியிடப்படுகிறது. விஞ்ஞான மன்றத் தங்கையர் அதை ஒவ்வொரு காலையும் அறிவித்தல் பலகையில் எழுதட்டும். நீர்த்தாங்கியை நிரப்பும் பம்பியை மாலையில் போடாமல் நண்பகலில் போடுவோம். வீடுகளில் சீருடை துவைப்பதையும் ஸ்திரி போடுவதையும் ஞாயிறு நண்பகலுக்கு மாற்றுவோம். தேவை குறைந்த அந்த நாளில்தான் அது மிகவும் பயன்படும். மாலையில் உச்சம் சற்றுத் தணிந்தால், அந்தளவுக்கு எண்ணெய் மிஞ்சும்.

இதற்குப் பெருந்தொகை நிதி திரட்ட வேண்டியதில்லை. ஒரு பலகையும் வெண்கட்டியும் போதும். அடுத்த தவணையின் முதல் திங்கட்கிழமை ஆரம்பிப்போம்.