நரந்தமும் கிளெமென்டைனும்



மேலைநாட்டு வாசனைக் கலைஞர் ஒரு தைலத்தின் மணத்தை மூன்று நிலையாகப் பகுப்பர். முகர்ந்தவுடன் எழுவது தலைமணம். சற்றே தங்குவது இடைமணம். மறுநாளும் ஆடையில் கிடப்பது அடிமணம். எலுமிச்சை இனத்துத் தோல்மணங்கள் பெரும்பாலும் தலைமணத்தில் அடங்கும். அவற்றுள் ஒன்று கிளெமென்டைன். அல்ஜீரியாவில் ஓரான் நகரை அடுத்த மிசர்கினில், துறவியர் தோட்டமொன்றில் கிடைத்த இக்கமலா இனக் கனிக்கு, அத்தோட்டம் பேணிய கிளெமென் என்னும் துறவியின் பெயரை 1902இல் லூயி திரபூ என்ற தாவரவியலார் சூட்டினார். அதன் தோலைப் பிழிந்த எண்ணெயில் மிகுதியும் லிமோனீன். இலேசான பொருள்; எழுந்த வேகத்திலேயே காற்றோடு போய்விடும்.

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு சிலப்பதிகாரத்திற்கு வருவோர் ஒன்றைக் காண்பர். கடலாடு காதையில் மாதவியின் கூந்தலை நீராட்டப் பத்துத் துவரும் ஐந்து விரையும் முப்பத்திரண்டு ஓமாலிகையும் ஊறிய நீர் பயன்படுகிறது. அடியார்க்குநல்லார் உரை தரும் ஓமாலிகைப் பட்டியலில் இலவங்கம், கச்சோலம், கோட்டம், நன்னாரி, புழுகு, கத்தூரி எல்லாம் உண்டு. நாரத்தைத் தோலோ எலுமிச்சைத் தோலோ இல்லை. இலாமிச்சம் என்று ஒன்று வரும். ஓசையை நம்பி ஏமாறலாகாது, அது வேர். நீராட்டிய பின் புகையூட்டி, கத்தூரிக் குழம்பும் பூசுகிறார்கள். தங்கும் மணத்தையே அந்த ஒப்பனை தேடியது. நில்லாத தோல்மணத்திற்கு அங்கே இடமில்லாமற் போனதில் வியப்பில்லை.

ஆயினும் தமிழ்க் கவிதை அம்மணத்தை அறியாததன்று. நரந்தம் என்னும் சொல் குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் இருக்கிறது. புறநானூற்று 132ஆம் பாட்டில், முடமோசியார் காட்டும் இமயத்துக் கவரிமான் மேய்வது நரந்தைப் புல். பூவும் புல்லும் எவ்வாறு ஒரு பெயர் பெற்றன? எலுமிச்சையை எலுமிச்சையாக மணக்கச் செய்வது சிட்ரால் என்னும் பொருள். எலுமிச்சைப்புல் எண்ணெயில் நூற்றுக்கு எழுபது பங்கிற்குக் குறையாமல் இருப்பதும் அதுவே. உருவத்தை விட்டு மணத்தைப் பற்றிப் பெயரிட்டார்கள் என்று கொள்வதே பொருந்தும். இன்றைக்கும் அப்புல்லை எலுமிச்சைப்புல் என்றுதானே சொல்கிறோம்!

சிக்கல் 235ஆம் பாட்டில் எழுகிறது. அதியமான் மாய்ந்தபின் ஔவையார் பாடியது அது. புலவு நாறும் தம் தலையை, நரந்தம் மணக்கும் கையால் அவன் தடவியதை நினைக்கிறார். அகராதிகள் நரந்தத்திற்குக் கத்தூரி என்றும் பொருள் தருகின்றன. கத்தூரியாயின் அது செல்வர் பூசும் அடிமணம், நாட்கணக்கில் தங்கும். நாரத்தையாயின் கை விலகிய சற்றைக்கெல்லாம் போய்விடும். அரசன் கை என்பதற்காகக் கத்தூரியை விரும்புவோர் உளர். பாட்டு முழுவதும் இனி இல்லை, இனி இல்லை என்று அடுக்கும் புலம்பல். அங்கே நில்லாத மணமே உயிருள்ள பொருளாகிறது. பதவுரையில் 'நறுமணம்' என்று மட்டும் எழுதிக் கடப்பவர்கள் இந்த வேறுபாட்டையே அழித்துவிடுகிறார்கள். புதுக்கவிஞர் பலரும் அதே தவற்றைச் செய்கின்றனர்: எந்தப் பூவும் 'மணம் வீசுகிறது', அவ்வளவே.

ஆரஞ்சு என்ற சொல்லும் அயலார் உடைமையன்று. நாரங்கம் என்று வடமொழியிலும், நாரங் என்று பாரசீகத்திலும், நாரஞ்சு என்று அரபியிலும் நடந்து ஐரோப்பா சென்ற அச்சொல்லின் வேர் திராவிடம் என்பது மொழிநூலார் பலர் கருத்து. கிச்சிலி, கொழுமிச்சை, கடாரங்காய், ஈழத்தவரின் தோடம்பழம் என இத்தனை பெயர் இருக்க, கவிதையில் ஆரஞ்சு ஒன்றே நடமாடுகிறது.

வெள்ளாற்றங்கரைப் பெண்ணாடத்திற்கு இதில் தொலைவில்லை. விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர்பெற்றது. பீங்கான் ஜாடியில் உப்பிட்ட நாரத்தங்காய் கிடக்கும்; மெருகிட்ட சுவர் மணத்தை உறிஞ்சாது, புளிப்பாலும் அரிபடாது. நாரத்தை இலையை இடித்துச் செய்வதை, வேம்பே சேராதிருக்க, வேப்பிலைக்கட்டி என்பர். அதை இடிக்கும் பெண்ணின் உள்ளங்கையில் எழும் வாசம் உலக்கையை வைக்குமுன் பாதி போயிருக்கும்.