செவி கொடுக்கும் பணி: இளையர் வழிகாட்டலும் பல்பண்பாட்டுத் திறனும்



இளையருக்கு வழிகாட்டும் பணியைப் பற்றி ஒரு மொழி மன்றத்தில் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். மருத்துவரிடம் மருந்து உண்டு. பொறியாளரிடம் கருவி உண்டு. வழிகாட்டும் ஆலோசகரிடம் இருப்பது சொல் ஒன்றுதான். தாம் சொல்லும் சொல்லும், எதிரே இருப்பவர் சொல்லக் கேட்கும் சொல்லுமே அவருடைய கருவிகள். அந்தச் சொல் ஒரு பண்பாட்டிலிருந்து புறப்பட்டு மற்றொரு பண்பாட்டில் போய்ச் சேரும்போது என்ன ஆகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் நம் நாட்டின் நிலையைப் பார்ப்போம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5 விழுக்காடு, இந்தியர் 9 விழுக்காடு. வீட்டில் ஆங்கிலமே அதிகம் பேசுவோர் 2010இல் 32.3 விழுக்காடாக இருந்தனர், 2020இல் 48.3 விழுக்காடாயினர். அதே காலத்தில், வீட்டில் தமிழே அதிகம் பேசுவோர் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்தனர். நான்கு மொழிகள் அதிகாரத்துவ மொழிகளாக உள்ள நாட்டில், ஒரே வீட்டுக்குள் பாட்டி ஒரு மொழியிலும் பேரன் வேறொரு மொழியிலும் சிந்திக்கிறார்கள் என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன.

சமூக அடிப்படையில் அமைந்த சுய உதவிக் குழுக்கள் நம்மிடம் உண்டு. மெண்டாக்கி 1982இலும், சிண்டா 1991இலும், சீனர் மேம்பாட்டு உதவி மன்றம் 1992இலும் தொடங்கப்பட்டன. ஆனால் பள்ளி ஆலோசகரும், குடும்பச் சேவை நிலையத்தின் சமூகப் பணியாளரும், நன்னடத்தைக் கண்காணிப்பு அதிகாரியும் எல்லா இனத்தவருக்கும் பொதுவானவர்கள். தமிழ் இளையர் சீன ஆலோசகர் முன்னும், மலாய் இளையர் தமிழ் ஆலோசகர் முன்னும் அமர்வது அன்றாட நிகழ்ச்சி. ஆகவே பல்பண்பாட்டுத் திறன் சிறுபான்மையினருக்காகச் செய்யும் தனிச் சலுகையன்று. இந்தத் தொழிலின் அடிப்படைத் தகுதி.

இத்திறன் இல்லாவிட்டால் என்ன இழப்பு? பதினைந்து வயது மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். கடையில் திருடியதற்காகப் பிடிபட்டவன். அவனை வளர்ப்பவர் தமிழ் மட்டுமே அறிந்த பாட்டி. ஆலோசகர் கேட்கும் கேள்விகளுக்கு அவன் தலையைக் குனிந்துகொண்டு மௌனமாக இருக்கிறான். பெரியவர்கள் கண்டிக்கும்போது நிமிர்ந்து பார்ப்பது திமிர் என்று அவனுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஆலோசகரோ, கண்ணைப் பார்த்துப் பேசாதவன் எதையோ மறைக்கிறான் என்று கற்றவர். “ஒத்துழைக்க மறுக்கிறான், வருந்தியதாகத் தெரியவில்லை” என்று அவர் குறித்துக்கொள்கிறார். அந்தக் குறிப்பு அறிக்கையில் ஏறுகிறது. இளையரின் குடும்பச் சூழலையும் மனப்போக்கையும் விளக்கும் அறிக்கையை நீதிமன்றம் கருத்தில் கொள்ளும். மரியாதைக்காகக் குனிந்த தலை, குற்ற உணர்வு இல்லாமைக்குச் சான்றாகிவிடுகிறது.

பாட்டிக்கு ஆலோசகரின் ஆங்கிலம் புரியாதபோது, பேரனையே மொழிபெயர்க்கச் சொல்வதும் உண்டு. தன் மீதான குற்றச்சாட்டைத் தானே பாட்டிக்கு எடுத்துரைக்க வேண்டிய நிலை அவனுக்கு. அவன் எதை விழுங்கினான், எதை மாற்றினான் என்று யாருக்குத் தெரியும்? வீட்டில் பெரியவர் யார், சிறியவர் யார் என்ற ஒழுங்கையும் அந்த அரை மணி நேரம் தலைகீழாக்கிவிடுகிறது.

இத்திறனை எப்படி வளர்ப்பது? அமெரிக்க உளவியலாளர் டெரால்ட் விங் சூவும் அவருடன் பணியாற்றியவர்களும் 1982இல் இதற்கு ஒரு கட்டமைப்பை முன்வைத்தனர். 1992இல் அதை 31 திறன்களாக விரித்தனர். தன்னை அறிதல், பிறரை அறிதல், அதற்கேற்பச் செயல்படுதல் என்று அதன் சாரத்தை மூன்றாகச் சுருக்கலாம்.

தன்னை அறிதலே முதற்படி. நேரம் தவறாமை, வெளிப்படையாகப் பேசுதல், பதினெட்டு வயதில் தனித்து முடிவெடுத்தல் ஆகியவற்றை நாம் உலகப் பொது நெறிகளாக எண்ணிக்கொள்கிறோம். அவையும் ஒரு பண்பாடு தந்த பழக்கங்களே. தம் மூக்குக் கண்ணாடிக்கு நிறம் உண்டு என்பதை அறியாதவர், காணும் பொருளுக்கே அந்த நிறம் என்று சாதிப்பார். தமிழ்ப் பணியாளரும் இதற்கு விலக்கல்லர். படிப்பில் பின்தங்கிய மலாய் மாணவரையோ, வேறு சாதி, வேறு வட்டாரப் பின்னணி கொண்ட தமிழ் மாணவரையோ பார்த்தவுடன் தம் மனத்தில் எழும் முதல் எண்ணம் என்ன என்று அவரும் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, பிறரை அறிதல். பெயரிலிருந்தே இதைத் தொடங்கலாம். சீனர் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். மலாய்க்காரர் பெயரில் ‘பின்’, ‘பிந்தி’ என்பவற்றுக்குப் பின் வருவது தந்தையின் பெயர். தமிழரிலும் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. உடன் வருவது தந்தையின் பெயரே. படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தைப் பார்த்து ஒரு மாணவியைத் தந்தையின் பெயரால் அழைத்தால், முதல் நொடியிலேயே அவளைப் பிறராக்கிவிடுகிறோம். பெற்றோரின் இரு இனங்களையும் இணைத்துப் பதிவு செய்யும் முறை 2011 முதல் நடைமுறையில் உள்ளது. ஆக, இனத்தைக் குறிக்கும் கட்டம்கூட இப்போது ஒற்றைச் சொல்லில் அடங்குவதில்லை.

உணர்ச்சியைச் சொல்லும் சொற்களையும் அறிய வேண்டும். தமிழ்த் தாய் “வயிறு எரிகிறது” என்றால் அது வயிற்று நோயன்று. மலாய்மொழியில் உணர்ச்சியின் இருப்பிடம் ‘ஹாத்தி’. அச்சொல் ஈரலைக் குறிப்பது. ‘மாக்கான் ஹாத்தி’ என்றால் துயரத்தை வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் வைத்துப் புழுங்குதல். சீனர் மானம் இழப்பதை முகத்தை இழப்பதாகச் சொல்கின்றனர். நாமும் ‘யார் முகத்தில் விழிப்பேன்’ என்கிறோம். இச்சொற்களை அறிந்த பணியாளர், “உனக்கு மனச்சோர்வா?” என்று கேட்டுப் பெற முடியாத விடையை வேறு வாசல் வழியே பெறுவார்.

ஆயினும் அறிவிலேயே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மெலனி டெர்வலான், ஜான் மரே-கார்சியா என்னும் இரு மருத்துவர்கள் 1998இல் எழுதிய கட்டுரையில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகின்றனர். அறுவை சிகிச்சை முடிந்த லத்தீன் அமெரிக்க மரபினரான பெண்மணி வலியில் துடிப்பதாக ஒரு மருத்துவர் சுட்டிக்காட்டினார். செவிலியரோ, அந்த இனத்தவர் வலியை மிகைப்படுத்திக் காட்டுவார்கள் என்று தாம் பல்பண்பாட்டுப் பாடத்தில் கற்றிருப்பதாகக் கூறி அதை ஒதுக்கிவிட்டார். கற்ற பாடமே காதை அடைத்துவிட்டது! இதனால்தான் அவ்விருவரும் திறனைவிடப் ‘பண்பாட்டுப் பணிவு’ வேண்டும் என்றனர். ‘மலாய்க்காரர் இப்படி, தமிழர் அப்படி’ என்று பட்டியலை மனப்பாடம் செய்தவர், எதிரே அமர்ந்திருக்கும் இளையரைக் காண்பதில்லை; பட்டியலையே காண்கிறார். இந்தியர் என்ற ஒரே சொல்லுக்குள் தமிழர், மலையாளிகள், பஞ்சாபியர், தமிழ் முஸ்லிம்கள், அண்மையில் குடியேறியோர் எனப் பலர் இருக்கிறார்கள் அல்லவா? அறிவு நமக்குக் கேள்வியைத் தர வேண்டும். விடையைத் தருபவர் அந்த இளையரே.

மூன்றாவது, செயல். “உங்கள் வீட்டில் கோபம் வந்தால் எப்படிக் காட்டுவார்கள்? முக்கிய முடிவை யார் எடுப்பார்? உன்னை எப்படி அழைக்க வேண்டும்?” என்று பணிவோடு கேட்பது ஒரு திறன். மௌனத்தை உடனே சொற்களால் நிரப்பாமல் பொறுத்திருப்பது ஒரு திறன். பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக்காமல், ரகசியம் காக்கும் பயிற்சி பெற்ற ஒருவரை அமர்த்துவதும், பேசும்போது அவரைப் பாராமல் பாட்டியைப் பார்த்துப் பேசுவதும் திறன்களே.

இவற்றைப் பணியாளரின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடலாகாது. ஒருநாள் பயிலரங்கில் பண்டிகை உணவுகளை அறிமுகப்படுத்துவதோடு நிறுவனத்தின் கடமை முடிந்துவிடாது. ஒவ்வொரு வழக்கையும் மீளாயும்போது, “இது நாம் கண்டதா, ஊகித்ததா?” என்று கேட்கும் வழக்கம் வேண்டும். ‘கண்ணைப் பார்க்கவில்லை’ என்பது கண்டது. ‘வருந்தவில்லை’ என்பது ஊகம். இரண்டையும் தனித்தனியே எழுதப் பழகினாலே பல அறிக்கைகள் நேராகிவிடும்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பண்பாட்டை மதிப்பது என்றால் தீங்கைப் பொறுத்துக்கொள்வது என்று பொருளன்று. “அடித்து வளர்ப்பது எங்கள் வழக்கம்” என்ற சொல், பிள்ளையின் உடலில் உள்ள காயத்துக்கு விளக்கமாகாது. சிறுவர் இளையர் சட்டம் எல்லா இனத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்றே. எந்த வழக்கத்தைப் புரிந்துகொள்வது, எந்தச் செயலைத் தடுப்பது என்று பிரித்தறிவதும் இத்திறனின் ஒரு பகுதி. பண்பாட்டின் பெயரால் ஒரு பிள்ளையைக் கைவிடுவதும் பாகுபாடே.

ஆசிரியப் பெருமக்களே, ஒரு மாணவரின் வீட்டு மொழியை நாள்தோறும் கேட்பவர்கள் நீங்கள். “என்னை யாரும் மதிக்கிறதில்லை” என்று கட்டுரை ஏட்டில் வரும் ஒரு வரியின் பின்னால் உள்ள கனத்தை உங்களால் உணர முடியும். பள்ளி ஆலோசகருக்கு நீங்கள் ஒரு பாலமாகலாம். மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை சமூகப் பணியாளராகவும் ஆலோசகராகவும் வருவீர்கள். அன்று உங்கள் தமிழ், தேர்வோடு முடிந்த பாடமாக இராது. ஒரு பாட்டிக்கும் ஒரு நீதிமன்றத்துக்கும் இடையே உண்மையைச் சிதையாமல் கொண்டு சேர்க்கும் கருவியாக இருக்கும். அதோடு, அண்டை வீட்டு மலாய்ச் சொற்களிலும் சீனச் சொற்களிலும் சிலவற்றையேனும் கற்றுக்கொள்ளுங்கள். நம்மை மற்றவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கும் உரிமை, மற்றவரைப் புரிந்துகொள்ளும் கடமையோடு சேர்ந்தே வருகிறது.