முகம் தெரியாத பிள்ளைக்கு ஒரு பின்னல்

(பரிசளிப்பு விழாவில் ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். அதைத் தலைமையாசிரியர் என்னைவிட நன்றாகவே பேசிவிட்டார். ஆகவே நான் கம்பளி நூலைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறீர்கள், சிரிக்கலாம். நான் இந்தத் தோட்டத்துக்கு வந்த முதல் மாதத்திலேயே, "புது வாத்தியார் வாசல்ல உட்கார்ந்து பொம்பளப் பிள்ளை மாதிரி பின்னல் போடுறாரு" என்று பெரட்டுக் களத்தில் பேச்சு அடிபட்டது எனக்குத் தெரியும். சில நூற்றாண்டுகளுக்கு முன்னே ஐரோப்பாவில் காலுறையும் தொப்பியும் பின்னும் தொழிலாளர் சங்கங்களை நடத்தியவர்கள் ஆண்கள்தாம். கப்பல்காரனும் பின்னினான், ஆடு மேய்த்தவனும் பின்னினான். இதை அன்றே பெரட்டில் வந்து சொல்லியிருக்கலாம். கேட்க யாருக்கு நேரம்?

எனக்கு இந்தப் பழக்கம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கல்லூரியில் சான்றிதழ் வாங்கியதும், கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளியில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. நான் ரப்பர் தோட்டத்தில், வெயிலில் பிறந்து வளர்ந்தவன். மலையில் குளிரும் என்று புத்தகத்தில் படித்திருந்தேனே தவிர, உடம்புக்கு அது தெரியாது. இரண்டு வெள்ளைச் சட்டை, ஒரு போர்வை, இவ்வளவோடு போய்ச் சேர்ந்தேன். ஏறக்குறைய 5,000 அடி உயரம். காலைச் சபையில் பிள்ளைகள் எல்லாம் கம்பளிச் சட்டைக்குள் இருக்க, நான் மட்டும் பல் தந்தியடிக்க நின்று நாட்டுப்பண் பாடினேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கொழுந்து எடுத்துவிட்டு வந்த ஒரு பாட்டி, பள்ளி வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு காகிதப் பையை நீட்டினார். "இந்தாங்க வாத்தியாரே, கழுத்துல சுத்திக்கிங்க." பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு மப்ளர். அந்தப் பாட்டியின் பேரப்பிள்ளை எவரும் என் வகுப்பில் இல்லை. எங்களுக்குள் முன்பின் பழக்கமும் இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைப்பைக்குள் கையை விட்டேன். பாட்டியின் முகம் சட்டென்று மாறியது. "காசு குடுத்தா அது வேற சங்கதி ஆயிடும்ல" என்றார். கையை வெறுமனே வெளியே எடுத்தேன். அந்தக் கூச்சம் இன்னும் எனக்குப் போகவில்லை.

பின்னர் அந்தப் பாட்டியிடமே போய்ப் பின்னல் கற்றுக்கொண்டேன். அவர் புதுநூல் வாங்கியதே கிடையாது. பாசார் மாலாமில் பழைய துணிக் குவியலில் கிடக்கும் கிழிந்த கம்பளிச் சட்டையை இரண்டு மூன்று வெள்ளிக்கு வாங்கி வருவார். தையலைப் பிரித்துவிட்டு, கழுத்துப் பக்கம் நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் வரிவரியாகச் சரசரவென்று கழன்று வரும். சுருள் சுருளாக வரும் அந்த நூலை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நனைத்து, கீழே ஒரு கனத்தைக் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் நேராகிவிடும். எந்த ஊரில் யார் போட்டுக் கழித்த சட்டையோ, மலைத்தோட்டத்தில் ஒரு வாத்தியார் கழுத்துக்கு மப்ளராகி விட்டது.

பின்னல் என்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. இரண்டு குச்சி, ஒரே நூல். ஒரு கண்ணிக்குள் இன்னொரு கண்ணியை இழுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். நூலைப் பின்னால் வைத்துப் போடுவது ஒருவகைக் கண்ணி, முன்னால் வைத்துப் போடுவது இன்னொரு வகை. எல்லாம் இந்த இரண்டுக்குள் அடக்கம். ஆனால் ஒரு கண்ணி நழுவினால், ஏணிப்படி மாதிரி கீழே கீழே இறங்கிப்போகும். பொறுமையாக ஒரு கொக்கி ஊசியால் படிப்படியாக மேலே ஏற்றிக் கொண்டுவர வேண்டும். கணக்கில் தப்புப் போட்டால் தாளைக் கிழித்தெறியும் பிள்ளைகள், இதில் மட்டும் உட்கார்ந்து திருத்துவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நிற்க. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் நடந்ததை இப்போது சொல்ல வேண்டும்.

நம் பிள்ளைகள் வாங்கிப் பழகியவர்கள். தீபாவளிக்கு ஒரு பொட்டலம், பள்ளி திறந்தால் ஒரு புத்தகப்பை, தேர்தல் வந்தால் ஒரு மூட்டை அரிசி. கொடுப்பவர் சிரித்தபடி நிற்க, பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிற்க, படம் எடுக்கிறார்கள். கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்தப் புத்தகப்பை இல்லாவிட்டால் சில பிள்ளைகள் பிளாஸ்டிக் பையோடுதான் வந்திருப்பார்கள். ஆனாலும் ஆறு வருடத்துப் படங்களையும் அலுவலகச் சுவரில் வரிசையாகப் பார்த்தபோது, ஒரே பிள்ளை வளர்ந்துகொண்டே கையேந்தி நிற்பதைப் பார்த்து எனக்கு மனசு கேட்கவில்லை.

ஆகவே மலைப் பள்ளியில் இருந்த என் பழைய நண்பருக்கு எழுதினேன். உங்கள் வகுப்பும் எங்கள் வகுப்பும் கையால் செய்த பொருளை மாற்றிக்கொள்ளலாம். யார் யாருக்கு என்று பெயர் கிடையாது, எண் மட்டுந்தான். கடையில் வாங்கியது கூடாது. அவரும் சரி என்றார்.

ஊசிக்கு எங்கே போவது? ஒரு மாணவனின் அப்பா, பால்மரம் வெட்டும் தொழிலாளி, பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளை வெட்டி, தம் உளி தீட்டும் கல்லிலேயே முனையை மழமழவென்று தீட்டிக் கொண்டுவந்தார். அருமையான வேலை. ஆனால் கம்பி மெல்லிசு, எங்கள் நூலோ மொத்தம். முதலில் முடிந்த தொப்பி, பால் மங்கு மாதிரி விறைத்துக்கொண்டு மேசைமேல் நின்றது! பிறகு மூங்கில் சீவி, உப்புத்தாள் தேய்த்துக் குச்சிகள் செய்தோம்.

அந்த வாரத்தில் ஒரு தாயார் பள்ளிக்கு வந்தார். கோபமாகத்தான் வந்தார். "சார், மழை பேஞ்சு பத்து நாளா வெட்டு இல்ல. எம்புள்ளைக்கே போட ஒண்ணுமில்ல. இவ ராத்திரி பூரா உட்கார்ந்து எவ பிள்ளைக்கோ பின்னிக்கிட்டு இருக்கா." ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் என்ற பழமொழி எனக்கு வாய்வரை வந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. "சனிக்கிழமைக்குள்ள முடிஞ்சிரும்மா" என்று மட்டும் சொன்னேன்.

பொட்டலம் காய்கறி லாரியில் மலைக்குப் போனது. இரண்டு வாரத்தில் அங்கிருந்து ஒரு பெட்டி வந்தது. பிரித்து எண்ணினேன். 26 இருந்தன. என் வகுப்பில் 27 பேர். தவறு என்னுடையதுதான். தவணை நடுவே, தோட்டம் விற்றுப்போய் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பையனை நான் கணக்கில் சேர்த்து எழுத மறந்திருந்தேன். அவன்தான் வகுப்பிலேயே கண்ணி பிசகாமல் பின்னியவன்.

அன்று பெட்டியைப் பிள்ளைகளுக்குக் காட்டவில்லை. இரவு முழுக்க உட்கார்ந்து ஒரு பென்சில் பை பின்னினேன். மறுநாள் அதையும் சேர்த்து வைத்துப் பங்கிட்டேன். எல்லாரும் கூச்சலும் சிரிப்புமாக இருக்க, அவன் மட்டும் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மெல்ல என் மேசைக்கு வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "சார், இது நம்ம வகுப்பு நூல் சார்" என்றான்.

நான் உண்மையைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவன் சற்று நேரம் நின்றான். "அப்ப என்னோடது அங்க ஒருத்தனுக்குக் கிடைச்சிருக்கும்ல?" என்றான். "ஒன்று அதிகமாகவே போயிருக்கும்" என்றேன். "அப்ப அங்க யாரோ ஒருத்தனுக்கு ரெண்டு!" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான். அந்தப் பென்சில் பையை ஆறாம் ஆண்டு முடியும்வரை வைத்திருந்தான்.

கோபமாக வந்தாரே அந்தத் தாயார், அவர் மகளுக்குக் கிடைத்தது ஒரு சிவப்பு மப்ளர். இந்த வெயிலில் மப்ளரா என்று பிள்ளைகள் சிரித்தார்கள். ஆனால் காலை ஐந்தரைக்குப் பனியில் மோட்டாரில் வெளிக்காட்டுக்குப் போகும்போது, அந்தச் சிவப்பு மப்ளரைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போகும் ஓர் அம்மாவை நீங்கள் எல்லாருமே பார்த்திருப்பீர்கள். ஒருநாள் மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சார், இதப் பின்னுன பிள்ளைக்கு அம்மா இருக்காங்களா?" தெரியாது என்றேன். மறுவாரம் ஒரு டின் முறுக்கு வந்தது. எண் பதினான்கு என்று மூடியில் எழுதியிருந்தது.

அந்த ஆண்டு பிள்ளைகளுக்கு நான் சொன்ன ஒரு வரலாற்றுச் செய்தியை உங்களுக்கும் சொல்கிறேன். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அங்கிருந்த ஐரோப்பியப் பெண்களையும் குழந்தைகளையும் சாங்கி சிறைச்சாலையில் அடைத்தார்கள். கணவன்மார் வேறிடத்தில் அடைபட்டுக் கிடந்தார்கள். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டுக் கடிதம் எழுதவும் வழியில்லை. கனடாவைச் சேர்ந்த எத்தல் மல்வேனி என்ற அம்மையார் ஒரு யோசனை சொன்னார். ஒவ்வொரு பெண்ணும் ஒரு சிறு சதுரத் துணியில் தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றைப் பூத்தையல் போட்டு, பெயரையும் தைத்துத் தரவேண்டும். 66 சதுரங்களை இணைத்தால் ஒரு போர்வை. இப்படி மூன்று செய்தார்கள். ஒன்று காயம்பட்ட ஆஸ்திரேலிய வீரர்களுக்கு, ஒன்று பிரிட்டிஷ் வீரர்களுக்கு. மூன்றாவது, காயம்பட்ட ஜப்பானிய வீரர்களுக்கு! தங்களை அடைத்துவைத்தவர்களுக்கும் ஒரு போர்வை. அந்தப் போர்வைகளில் பெயரைப் பார்த்துத்தான், மனைவி உயிரோடு இருக்கிறாள் என்று சில கணவன்மார் அறிந்துகொண்டார்கள். மூன்றும் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. ஆஸ்திரேலியருக்குச் செய்ததும் ஜப்பானியருக்குச் செய்ததும் கான்பராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன.

அதே சிறையில் எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள சிறுமிகள் சுமார் இருபது பேர், தங்களுக்குச் சாரணியர் வகுப்பு நடத்திய எலிசபெத் என்னிஸ் என்பவருக்குப் பிறந்தநாள் பரிசாக, பழைய துணித் துண்டுகளை ஆறுபக்கமாக வெட்டி, அவருக்குத் தெரியாமல் ஒரு போர்வை தைத்தார்கள். உங்கள் வயதுப் பிள்ளைகள்தாம், மாணவச் செல்வங்களே.

இதை நான் சொல்லி முடித்ததும் ஒரு மாணவி, "நம்ம ஆளுங்களுக்கு யார் சார் தச்சாங்க?" என்று கேட்டாள். அதே போரில், 1942இலும் 1943இலும், நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் சயாம் பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் என் பாட்டியின் அண்ணனும் ஒருவர். தோட்டத்தில் இருந்தவர்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த காலம். அவர் பெயர் தைத்த துணி ஒன்றும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, ஆளும் வரவில்லை. பாட்டி கண்மூடும் வரையில் தேதி தெரியாமலேதான் திதி கொடுத்தார். இதைத்தான் அந்த மாணவிக்கும் சொன்னேன். வகுப்பு அன்று சீக்கிரமே முடிந்துவிட்டது.

பேச்சு நீண்டுவிட்டது. பரிசுகள் காத்திருக்கின்றன. ஒரு வேண்டுகோளோடு அமர்ந்துவிடுகிறேன்.

மலைப் பள்ளியோடு மாற்றிக்கொள்வது நிற்கவில்லை, நடந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த ஆண்டு பிள்ளைகள் வேறொன்றும் கேட்கிறார்கள். நம் லயத்துக் கடைசி வீடுகளில் வங்காளதேசத்திலிருந்து வந்து செம்பனைக் காட்டில் வேலை செய்யும் தம்பிமார் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் பெயரும் நமக்குத் தெரியாது, நம் பெயரும் அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குப் பின்ன வேண்டுமாம். தொப்பியா, காலுறையா என்று வகுப்பில் ஒரு வாரமாகச் சண்டை. நாள் முழுக்க ரப்பர் பூட்ஸ் போட்டு நடக்கிறவர்களுக்குக் காலுறைதான் வேண்டும் என்று ஒரு கட்சி. அந்தக் கட்சிதான் ஜெயிக்கும் போலிருக்கிறது. முதல் உலகப் போரில் சேற்றுப் பதுங்குகுழியில் கால் அழுகிக் கிடந்த வீரர்களுக்கும், முன்பின் தெரியாத பெண்கள் காலுறைதான் பின்னி அனுப்பினார்கள்.

எனக்குள்ள சங்கடம் என்னவென்றால், காலுறையில் குதிகால் வளைவு எனக்குப் பின்னத் தெரியாது. பாட்டி மப்ளரும் தொப்பியும் பையும்தான் கற்றுக்கொடுத்தார். தெரிந்த தாய்மார் யாராவது இருந்தால் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் பள்ளிச் சாப்பாட்டுக் கொட்டகைக்கு வாருங்கள். பழைய கம்பளிச் சட்டை இருந்தாலும் கொண்டு வாருங்கள், பிரித்துக்கொள்ளலாம். தந்தைமார்களும் வரலாம், சைக்கிள் கம்பி மட்டும் வேண்டாம்.